இடது பட்டன்

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்தைந்து, குருவுக்கு முப்பத்தாறு. காவி, கமண்டலம் எதுவும் கிடையாது. குரு புடவைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, கோவைக்கு வடக்கே ஒரு பிரஸ் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள். பெயர் துளசிமணி. மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடுகளை வெட்டியெடுக்கிற கம்பெனி அது.

சீடர் கனகசபாபதி, அந்தப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு ஆசிரியர். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெஷின் வேலை சொல்லிக்கொடுத்து, சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு அனுப்பி வைப்பது அவர் வேலை. சபாபதி சார் அனுப்பிய பிள்ளை என்றால் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்னதை அவரும் நாலு பேரிடம் சொல்வார்.

துளசிமணியும் அவரிடம் படித்தவள்தான்.

அது எப்படி மாறிப்போனது என்றால், நாலு வருடம் முன்பு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. தொழிற்பிரிவு ஆசிரியர்கள் மூன்று நாள் கம்பெனிகளுக்குப் போய், இப்போது அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொண்டு வர வேண்டுமாம். மற்ற ஆசிரியர்கள் மூன்று நாளும் கேன்டீனில் டீ குடித்துவிட்டுச் சான்றிதழோடு வீடு திரும்பினார்கள். சபாபதி மட்டும் நாலாவது நாளும் போனார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் டிரேயில் உட்கார்ந்து, துளசிமணி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். தன்னிடம் படித்த பெண்ணிடம் போய்ப் படிக்க அந்த மனுஷர் வெட்கப்படவில்லை. அந்தப் பெருமையை இப்போதே அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கதையில் அவருக்குக் கொடுப்பதற்கு வேறு பெருமை அதிகம் இல்லை.

முதல் சனிக்கிழமை துளசிமணி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நம்ம ஸ்கூல் பிரஸ்ஸுல இடது பட்டன் இப்ப வேலை செய்யுதுங்களா சார்?"

பிரஸ் மெஷினுக்கு முன்னால் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை, அதாவது மேல் அச்சு, இறங்கித் தகட்டை வெட்டும். கை இரண்டும் பட்டனில் இருக்கிறவரை டைக்குள் கை போக வழியில்லை. அதற்காகத்தான் இரண்டு. பள்ளியில் இருந்ததோ ஒரு கம்பெனி கழித்துப்போட்டு, நன்கொடை என்று பெயர் சூட்டி அனுப்பிய மெஷின். வரும்போதே இடது பட்டனுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு, வலது பட்டன் ஒன்றிலேயே ஓடும்படி யாரோ செய்திருந்தார்கள்.

"ஒண்ணே போதும் அம்மிணி, பசங்க சீக்கிரமாப் பழகிக்கறாங்க" என்று சபாபதி சிரித்தார்.

துளசிமணி மேற்கொண்டு கேட்கவில்லை. தகடு வைக்கிற இடுக்கியை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆரம்பித்தாள். சபாபதி அதை எழுதிக்கொண்டார்.

அவளுடைய இடது கையில் இரண்டு விரல் பாதிதான். வேலைக்குப் போன முதல் வருடமே போய்விட்டது. பதினெட்டு வருடம் இருக்கும். கட்டுக்கூடப் பிரிக்காத கையோடு ஒரு நாள் காலையில் அவள் பள்ளிக்கு வந்தாள். பிரேயருக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். அவளைப் பார்த்ததும் சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் பொய் இல்லை. தோளைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மைக்கை வாங்கி, கவனம் என்றால் என்ன, கவனம் பிசகினால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் பேசினார். இந்தக் கையைப் பாருங்கள் என்றார். அறுநூறு பிள்ளைகளும் பார்த்தார்கள். துளசிமணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடித்ததும் எல்லோரும் வகுப்புக்குப் போய்விட்டார்கள், சபாபதியும் போய்விட்டார்.

தான் நடத்திய பாடங்களிலேயே அதுதான் நல்ல பாடம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஜூன் மாதம் வந்தால் போதும், புதிய பிள்ளைகளிடம் அந்தக் காலையைப் பற்றிச் சொல்லிவிடுவார்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. வருடக் கடைசியில் ஸ்டாப்வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வேகமாகத் தகடு வெட்டுகிறார்கள் என்று போட்டி வைப்பார். ஜெயிக்கிற பிள்ளைக்கு நல்ல மைப்பேனா ஒன்று பரிசு. கம்பெனியில் போய்த் திணறக் கூடாது என்கிற அக்கறைதான். போன வருடம் பேனாவை வாங்கியவள் கோகிலவாணி. நிமிடத்துக்கு இருபத்தாறு தகடு. வலது கை பட்டனில் இருக்க, இடது கை உள்ளே தகட்டைத் தள்ளித் தள்ளி வரும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இந்த வருடம் பிப்ரவரியில் கோகிலவாணியின் இடது கையில் மூன்று விரல் போயிற்று.

அது வேறொரு கம்பெனி. அங்கே மெஷினில் இரண்டு பட்டனும் ஒழுங்காக இருந்தன. அவள்தான் உடைந்த ரம்பத் துண்டு ஒன்றை இடது பட்டன் இடுக்கில் செருகி, அது எப்போதும் அழுந்தியே இருக்கும்படி செய்து வைத்திருந்தாள். இரண்டு கையையும் எடுத்து எடுத்து வைப்பது அவளுக்குப் பிடிபடவில்லை, வேகம் குறைகிறது என்று சூப்பர்வைசர் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. விசாரித்து, தொழிலாளியின் தவறு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

சபாபதி ஆஸ்பத்திரிக்குப் போனார். கோகிலவாணி இடது கையைப் போர்வைக்குள் வைத்திருந்தாள்.

"சாரி சார்" என்றாள். "உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

ஒன்றும் இல்லை, ரெஸ்ட் எடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவருக்கு ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினோம் என்பதே மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியை இரண்டு தடவை சுற்றினார்.

ஏப்ரலில் துளசிமணி வேலை செய்யும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பரீட்சை எழுதி முடித்துப் பதினெட்டு வயது நிறைந்தவர்களில் எட்டுப் பேர் வேண்டும், திங்கட்கிழமையே வரலாம். ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும், பிரஸ் இயக்கத் தகுதி பெற்றவர் என்று சபாபதி கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக நின்றுகொண்டே போட்டுத் தள்ளிவிடுகிற கையெழுத்துத்தான். இந்தத் தடவை பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எட்டுத் தாளையும் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை துளசிமணியிடம் போனார்.

அன்றைக்கு நோட்டை எடுக்கவில்லை. டிரேயில் உட்கார்ந்து, தான் நடத்திய பாடத்தை முதலிலிருந்து ஒப்பித்தார். இடுக்கி பிடிக்கச் சொன்னது, தலைமுடியைக் கட்டச் சொன்னது, வேலையில் பேசாதே என்றது, துளசிமணி மேடையில் நின்ற கதை, எல்லாம் சொன்னார். கடைசியில் கேட்டார்.

"சொல்லிக்குடுக்காம எதை விட்டுட்டேன் அம்மிணி? அதை மட்டும் சொல்லு. இந்த எட்டுப் பேருக்கும் நாளைக்கே வரச்சொல்லிச் சொல்லிக்குடுத்தர்றேன்."

துளசிமணி எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். மெஷினின் பெரிய சக்கரம் சுற்றி ஓய்கிறவரை நின்றாள். மேல் டை தவறியும் இறங்காதபடி நடுவில் இரும்புக் கட்டையை நிறுத்தினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, டைக்குள் ஏதோ தடவினாள்.

"உக்காருங்க சார். இருபது தகடு வெட்டுங்க."

"கரண்டு இல்லையே அம்மிணி."

"இருக்கற மாதிரியே வெட்டுங்க. நான் எண்ணறேன்."

சபாபதி உட்கார்ந்தார். இடுக்கியால் தகட்டை வைத்தார், இரண்டு கையையும் பட்டனில் வைத்து அழுத்தினார், தகட்டை எடுத்தார். அவள் ஒன்று என்றாள். நாலு தகடு வரைக்கும் பாடப் புத்தகம் மாதிரிப் போயிற்று.

துளசிமணி எண்ணிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். அவர் மனைவிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மகள் ஊரிலிருந்து வந்தாளா என்று கேட்டாள். அவர் பதில் சொல்லிக்கொண்டே வெட்டினார். நடுவில் அவள், கொஞ்சம் வேகமாக சார், என்றாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவது தகடு சரியாக உட்காரவில்லை போலிருந்தது. பதின்மூன்றும் அப்படித்தான். மகளின் மாமியாரைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். இருபது முடிந்தது.

"கையைக் காட்டுங்க சார்."

சபாபதி கையை நீட்டினார்.

இடது கையில் மூன்று விரலும் நீலமாக இருந்தன. நுனியிலிருந்து இரண்டாவது கணு வரைக்கும். டை ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தடவுகிற மை அது. மேலும் கீழும் எங்கே படுகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதைத்தான் அவள் டைக்குள் தடவியிருந்தாள், கை நுழைந்தால் மட்டுமே படுகிற இடமாகப் பார்த்து.

இடுக்கி அவர் மடியில் கிடந்தது. அதை எப்போது கீழே வைத்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. கோகிலவாணியின் விரல்கள் எந்த இடத்தோடு நின்றுபோயின என்று டாக்டர் தன் விரலில் காட்டியிருந்தார். அந்தக் கோட்டில்தான் நீலமும் நின்றிருந்தது. 

"நான் பிரஸ்ஸுல உக்காந்தே பத்து வருசம் இருக்கும்" என்றார் மெதுவாக.

"கை மறக்கலீங்க சார்."

அவர் நிமிரவில்லை.

"எதையோ விட்டுட்டேன்னு தேடறீங்க" என்றாள் துளசிமணி. "இது விட்டுப் போனதில்லீங்க. நீங்க தினமும் விடாமச் சொல்லிக்குடுத்தது."

இரும்புக் கட்டையை எடுத்து, மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எட்டுத் தாளும் பையில் அப்படியே இருந்தன.

அந்த மை லேசில் போகாது. சபாபதி ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். சோறு பிசையும்போது இடது கையை மடியில் ஒளித்துக்கொண்டார். என்ன சாயம் என்று மனைவி கேட்டதற்கு, ஸ்கூல் வேலை என்றார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போக வேண்டிய எட்டுப் பேரையும் பள்ளிக்கு வரச்சொல்லியிருந்தார். ஒன்பதாவதாக இந்துஜா என்கிற பெண்ணும் வந்து நின்றாள். அவள் பெயர் பட்டியலில் இல்லை. வேகம் போதாது என்று சபாபதியே அடித்துவிட்டார். வந்தவளைத் துரத்துவானேன் என்று அவளையும் உட்கார்த்தி வைத்தார்.

மெஷினை அணைத்து, கட்டை நிறுத்தி, நீல மையைத் தடவிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இருபது தகடு வெட்டச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து வெட்டினார்கள். முடிந்ததும் எல்லோரையும் இடது கையைத் தூக்கச் சொன்னார். எட்டுக் கையும் நீலம். ஒருவன் தன் கையைப் பார்த்துச் சிரித்தான். சபாபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

இந்துஜாவின் கை சுத்தமாக இருந்தது.

அவள் ஒவ்வொரு தகட்டையும் இடுக்கியால் வைத்துவிட்டு, செத்துக் கிடக்கிற இடது பட்டனையும் அழுத்தியிருக்கிறாள். இரண்டு வருடமாக அப்படித்தான் வெட்டுகிறாளாம். ஏன் என்று கேட்டார். சுவரில் மாட்டியிருக்கிற படத்தில் இரண்டு கையாலும்தானே அழுத்துகிறார்கள் என்றாள், பயந்துகொண்டே. அந்தப் படத்தை மாட்டியவர் சபாபதிதான். மாட்டியதோடு சரி.

அன்று மத்தியானமே எலெக்ட்ரீஷியனை வரச்சொன்னார். வந்தவர் மெஷினுக்குப் பின்னால் ஒரு மூடியைத் திறந்து, கழன்று தொங்கிய ஒயரைப் பிடித்து இழுத்து, வலது பட்டனுக்குப் போட்டிருந்த குறுக்குவழியை எடுத்துவிட்டு, இனி ரெண்டையும் அழுத்தினால்தான் ஓடும் சார் என்றார். இருபது நிமிடம் ஆயிற்று. மெஷின் பள்ளிக்கு வந்து இருபது வருடம்.

சபாபதி எட்டுத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கேட்டார். இந்தக் கைகள் இன்னும் தயாராகவில்லை என்றார் இவர். இத்தனை வருடம் எப்படித் தயாராயின என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. 

பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். வந்த வேலையைக் கெடுத்துவிட்டாரே என்று ஒரு தாய் அழுதாள். கம்பெனி வேறு ஊர்ப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. எட்டுப் பேரில் மூன்று பேர் காத்திருக்கவில்லை, கான்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்து வேறெங்கோ பிரஸ் வேலைக்கே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே இல்லை.

மிச்சமிருந்த ஐந்து பேரும் லீவிலும் வந்தார்கள். இந்துஜாவை மெஷினில் உட்காரவைத்து, அவள் செய்வதைப் பார்த்துச் செய்யச் சொன்னார். ஸ்டாப்வாட்ச்சை பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒவ்வொரு சாயங்காலமும் நீல மை வைத்துப் பார்த்தார். நாலு பேர் கை ஒரு மாதத்தில் சுத்தமாயிற்று. ஐந்தாவது கை நாற்பது நாள் எடுத்துக்கொண்டது.

அதுவரை அவர் துளசிமணியைப் பார்க்கப் போகவில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை போனார். அவள் ஒரு டையைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிரேயில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். பட்டனைச் சரிசெய்ததை இரண்டு தடவை சொன்னார். வயதானால் என்ன, பிள்ளைகளைப் போலத்தான், சபாஷ் வாங்க மனசு ஏங்கத்தான் செய்கிறது.

"நல்லதுங்க சார்" என்றாள்.

அவ்வளவுதான். டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் துடைக்க ஆரம்பித்தாள். டையைப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல் பாதியோடு நின்றிருந்தது. சபாபதி அதைப் பார்த்தார். நாலு வருடமாக வாரா வாரம் அவர் பார்த்த கைதான். பதினெட்டு வருடமாக ஜூன் தோறும் அவர் கதை சொன்ன கையும் அதுதான். அது எப்படிப் போனது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்தக் கையும் அப்படித்தானா அம்மிணி?"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அந்த வருசப் பேனா எனக்குத்தானுங்க சார் குடுத்தீங்க."

பக்கத்து மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சபாபதி டிரேயை விட்டு எழுந்து நின்று கேட்டார்.

"அன்னிக்குக் கட்டோட ஸ்கூலுக்கு வந்தியே. என்னைப் பார்க்கத்தானே வந்தே?"

"உங்களைப் பார்க்கத்தானுங்க. எனக்குப் பொறவு வர்ற புள்ளைங்களுக்காவது அந்த இடது பட்டனைச் சரிபண்ணிப் போடுங்கன்னு சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லியிருக்கலாமே அம்மிணி."

துளசிமணி துணியை எடுத்து மறுபடியும் துடைக்கத் தொடங்கினாள்.

"மேடையில மைக்கு உங்க கையில இருந்துச்சுங்க சார்."